தொண்டு நிறுவனம் யாருக்குப் பதில் சொல்கிறது?

1794இல் பச்சையப்ப முதலியார் இறந்தபோது அவருக்கு வயது நாற்பதுதான். கும்பினிக் காலத்துச் சென்னையில் துபாஷாக இருந்து பெரும் பொருள் சேர்த்தவர். அந்தச் செல்வத்தைக் கோயில் கைங்கரியங்களுக்கும் தருமங்களுக்கும் செலவிட வேண்டும் என்று உயில் எழுதிவைத்தார். அதை நிறைவேற்ற வேண்டியவர்களுக்கும் உறவினர்களுக்கும் இடையே வழக்கு மூண்டது. தருமப் பணம் பல பத்தாண்டுகள் முடங்கிக் கிடந்தது. கடைசியில் அன்றைய சென்னை உச்ச நீதிமன்றம் தலையிட்டு நிர்வாகத் திட்டம் ஒன்றை வகுத்தது. கோயில் தருமங்களுக்குப் போக மிஞ்சிய தொகை கல்விக்குத் திரும்பியது. 1842இல் பள்ளி வந்தது. அதிலிருந்து பச்சையப்பன் கல்லூரி வளர்ந்தது. வெளியிலிருந்து யாரும் கணக்குக் கேட்டிருக்காவிட்டால் அந்தப் பணம் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து நம் காலத்திலும் அந்த அறக்கட்டளையை நீதிமன்றம் நியமித்த இடைக்கால நிர்வாகியிடம் ஒப்படைக்க நேர்ந்தது.

தொண்டு நிறுவனங்களை நடத்துவது பற்றிய பேச்சு பெரும்பாலும் நல்லவர், கெட்டவர் என்பதிலேயே நின்றுவிடுகிறது. நிறுவனர் தியாகி என்று ஒரு தரப்பு, வெளிநாட்டுப் பணம் தின்பவர் என்று மறுதரப்பு. ஆனால் சிக்கல் அமைப்பிலேயே இருக்கிறது. கடையில் சரக்கு சரியில்லை என்றால் வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அரசு சரியில்லை என்றால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குச்சீட்டு வருகிறது. தொண்டு நிறுவனத்தில் காசு கொடுப்பவர் ஒருவர், அதன் பலனைப் பெறுபவர் இன்னொருவர். பெறுபவர் கோபித்துக்கொண்டு போனால் நிறுவனத்துக்கு ஒரு ரூபாய்கூடக் குறையாது. கொடுப்பவரோ களத்தை ஆண்டுக்கு ஒருமுறை புகைப்படத்தில் பார்ப்பார். ஆகவே, நிறுவனம் யாருக்குப் பதில் சொல்கிறது என்பதைத்தான் அதன் நிர்வாகத்தில் முதலில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் இப்படிப்பட்ட அமைப்புகள் எத்தனை என்று உச்ச நீதிமன்றம் கேட்டபோது, 2015இல் சிபிஐ திரட்டிக் கொடுத்த எண்ணிக்கை சுமார் 31 லட்சம். நாட்டிலுள்ள பள்ளிகளின் எண்ணிக்கையைவிட இரண்டு மடங்கு அதிகம் என்று அப்போது செய்தித்தாள்கள் எழுதின. அதைவிட முக்கியமான தகவல் அதே அறிக்கையில் இருந்தது: பதிவுத் துறையிடம் ஆண்டுக் கணக்கு கொடுத்தவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பதிவு செய்துவிட்டு ஒரு நாளும் இயங்காதவையும் அந்த 31 லட்சத்தில் ஏராளமாக இருக்கும். எல்லாம் மோசடி என்று சொல்ல வரவில்லை. ஆனால் கணக்குக் கேட்பதற்கு ஆளில்லை என்பது உறுதியாகிறது.

தமிழ்நாட்டில் தொண்டு நிறுவனம் தொடங்க மூன்று வழிகள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்து டிரஸ்ட் ஆகலாம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்து சங்கமாகலாம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தில் 8ஆம் பிரிவின்படி லாப நோக்கற்ற கம்பெனி ஆகலாம். சங்கத்துக்கு உறுப்பினர்கள் உண்டு, ஆண்டுப் பொதுக்குழு உண்டு, வாக்கெடுத்து நிர்வாகிகளை மாற்றலாம். டிரஸ்ட்டுக்கு அது எதுவும் வேண்டாம்; பத்திரத்தில் எழுதியதே விதி. நிறுவனர் ஆயுள் முழுவதும் மேனேஜிங் டிரஸ்டியாக இருப்பார், அவருக்குப் பின் அவர் நியமிப்பவர் என்று ஒரு வரி எழுதிவிட்டால் முடிந்தது. நம் ஊர்களில் டிரஸ்ட் பதிவு இத்தனை பிரபலமாக இருப்பதற்கு இந்த ஒரு வரி பெரிய காரணம். கணவர் தலைவர், மனைவி பொருளாளர், மைத்துனர் உறுப்பினர் என்று அமைந்த குழுவில் யார் யாரைக் கேள்வி கேட்பது?

மகாராஷ்டிரத்தில் 1950ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. அறக்கட்டளைகளைக் கண்காணிக்க ஆணையர் இருக்கிறார். தமிழ்நாட்டில் பொதுத் தொண்டு டிரஸ்ட்டுகளுக்கு அப்படியொரு அலுவலகம் இல்லை. முறைகேடு நடந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்கீழ் அக்கறையுள்ள இரண்டு பேர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று வழக்குப் போட வேண்டும். பச்சையப்பர் காலத்து வழியேதான். ஆண்டுதோறும் கணக்கைப் பார்ப்பது வருமான வரித்துறை. வரிவிலக்கு வேண்டுமானால் வருமானத்தில் 85 சதவீதத்தைத் தொண்டுக்குச் செலவிட்டாக வேண்டும், அறங்காவலர்களின் உறவினருக்கு முறையற்ற ஆதாயம் போகக் கூடாது என்பவை நல்ல விதிகள். ஆனால் வரித்துறை பார்ப்பது ரூபாய் எங்கே போனது என்பதை மட்டுமே. அந்த ரூபாயால் யாருக்கு என்ன நடந்தது என்று கேட்பது அதன் வேலை இல்லை.

சட்டம் செய்யாததைச் சில நிறுவனங்கள் தங்கள் நடைமுறைக்குள்ளேயே கட்டிக்கொண்டிருக்கின்றன. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி உலகம் முழுவதும் மேலாண்மை வகுப்புகளில் பாடம் நடக்கிறது. 1976இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் தொடங்கினார். கட்டணம் கொடுக்கக்கூடியவர்கள் கொடுப்பது, முடியாதவர்களுக்கு அதிலிருந்து இலவசமாகவோ குறைந்த செலவிலோ அறுவைச் சிகிச்சை என்ற ஏற்பாடு பலருக்கும் தெரிந்ததுதான். கிராமத்துப் பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி கொடுத்து, மருத்துவர் செய்யத் தேவையில்லாத வேலைகளை எல்லாம் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தால் ஏழைக்கு எட்டாது என்பதால் 1992இல் ஆரோலேப் தொடங்கி இங்கேயே செய்தார்கள். விலை பல மடங்கு இறங்கியது.

பாராட்டுகிறவர்கள் அதன் வேகத்தையும் சிக்கனத்தையும் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப்படுவது வேறொன்று. காசு கொடுத்து வரும் நோயாளி அந்த நிறுவனத்துக்கு ஓயாத தேர்வு வைக்கிறார். மருத்துவம் சரியில்லை என்றால் அவர் வேறு மருத்துவமனைக்குப் போய்விடுவார். அவர் போனால் இலவசச் சிகிச்சைக்குப் பணம் இருக்காது. அதே மருத்துவர்கள்தாம் இலவச நோயாளிகளையும் பார்க்கிறார்கள் என்பதால், விலகிப்போக வழியில்லாத ஏழைக்கும் அந்தத் தரம் போய்ச்சேருகிறது. நன்கொடையாளரின் தயவை நம்பியிருந்தால் இது நடந்திருக்காது.

அதோடு நின்றுவிடவில்லை. தொண்ணூறுகளில், கண் முகாம்களுக்கு வராதவர்கள் யார் என்று ஓர் ஆய்வு நடந்தது. முகாம் நடந்த ஊர்களில் கண் கோளாறு உள்ளவர்களில் வந்தவர்கள் சுமார் ஏழு சதவீதம்தான் என்று தெரியவந்தது. முகாமில் திரண்ட கூட்டத்தைப் படம் எடுத்து ஆண்டறிக்கையில் போட்டிருந்தால் அந்த ஏழு சதவீதம் எவருக்கும் தெரிந்திருக்காது. வராத தொண்ணூற்று மூன்று பேரைப் பற்றி யோசித்ததன் தொடர்ச்சியாக, 2004 முதல் சிறு ஊர்களில் நிரந்தரப் பார்வை மையங்கள் வந்தன. அங்கிருக்கும் பணியாளர் பரிசோதிப்பார், தொலைவிலிருந்து மருத்துவர் ஆலோசனை சொல்வார். தன்னிடம் வராதவரை எண்ணுவதற்கு ஒரு நிறுவனத்துக்குத் துணிச்சல் வேண்டும். தன் கதவை ஏன் தட்டவில்லை என்று வராதவரிடமே போய்க் கேட்க வேண்டிய வேலை அது.

எல்லா வேலையையும் இப்படி நடத்திவிட முடியாது. மனநலம் பாதித்துத் தெருவில் திரியும் பெண்ணிடம் கட்டணம் வாங்க முடியாது. அப்படிப்பட்ட பெண்களுக்காக 1993இல் சென்னையில் தொடங்கிய பேனியன் போன்ற அமைப்புகள் நன்கொடையையும் அரசு உதவியையும் நம்பித்தான் இயங்கியாக வேண்டும். அடையாறு புற்றுநோய் நிலையத்தை 1954இல் முத்துலட்சுமி ரெட்டியும் மாதர் சங்கத்தினரும் எழுப்பியதும் ஊரார் பணத்தில்தான். இன்னொரு வழி, பலன் பெறுபவர்களையே உரிமையாளர்கள் ஆக்குவது. மதுரை வட்டாரத்தில் 1990இல் தொடங்கிய களஞ்சியம் இயக்கம் அதைச் செய்தது; 1997இல் உருவான தானம் அறக்கட்டளை அதை வளர்த்தது. பதினைந்து இருபது பெண்கள் சேர்ந்த குழு, குழுக்கள் சேர்ந்த தொகுப்பு, அதற்கு மேல் வட்டாரக் கூட்டமைப்பு. தலைமை உறுப்பினர்களிடமே. சேவைக்குக் குழுக்களே கட்டணம் கட்டுவதால், கணக்கு எழுதும் பணியாளர் சரியில்லை என்றால் குழுவே கேட்கும். தங்கள் சேமிப்புப் பணம் என்பதால் கேள்வி தானாக வருகிறது.

இதற்கு நேர்மாறாக நடந்ததையும் தமிழ்நாடு பார்த்தது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1997இல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் விரிந்தது. குழுக்களை அமைத்துப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு தொண்டு நிறுவனங்களுக்குப் போனது. குழுக்களின் எண்ணிக்கைக்குத் தொகை என்று வந்தபோது எண்ணிக்கைதான் பெருகியது. நல்ல நிறுவனங்களின் கையில் அந்தக் குழுக்கள் ஊராட்சித் தேர்தலில் நிற்கும் அளவுக்குப் பெண்களை வளர்த்தன. மற்ற இடங்களில் வங்கிக் கடன் வந்ததும் கலைந்தன. பின்னர் அரசே அந்த வேலையைத் தன்னிடம் எடுத்துக்கொண்டது.

கொடுப்பவரின் அவசரம் என்ன செய்யும் என்பதை நாகப்பட்டினத்தைவிடத் தெளிவாகக் காட்டிய இடம் இல்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில நாட்களில் நூற்றுக்கணக்கான அமைப்புகள் வந்திறங்கின. வந்தவர்களின் மனசைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கெங்கோ இருந்து லாரிகளில் வந்த பழைய துணி சாலையோரங்களில் குவிந்து மழையில் மக்கியது. எல்லோரும் படகு கொடுக்க விரும்பினார்கள். ஃபைபர் படகு கொடுத்ததாகச் சொன்னால் நன்கொடையாளருக்கு உடனே புரியும், படமும் எடுக்கலாம். அலைக்கு முன் இருந்ததைவிடப் படகுகள் அதிகமாயின. ஏற்கெனவே மீன் குறைந்துகொண்டிருந்த கடலில் இது வேறு சுமை. கூடையில் மீன் சுமந்து விற்ற பெண்கள், உப்பளத் தொழிலாளர்கள், உவர் ஏறிய வயலில் கூலி இழந்த தலித் குடும்பங்கள் கடைசி வரிசையில் நின்றார்கள்.

வந்தவர்களுக்கு ஊர் தெரியாது. மீனவக் கிராமத்தில் பொருளை ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைப்பதே மக்களிடம் ஒப்படைப்பது என்று நினைத்தார்கள். அந்தப் பஞ்சாயத்து ஊர்வரி கட்டும் தலைக்கட்டுகளை வைத்துப் பங்கு பிரிக்கும்; தலைக்கட்டு என்றால் மணமான ஆண். கணவனை அலையில் இழந்தவளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை, அல்லது அரைப் பங்கு. பங்கீடு நடந்துவிட்டது என்று அறிக்கை போனது. அங்கே ஆண்டுக்கணக்கில் மீனவப் பெண்களோடு வேலை செய்துவந்த உள்ளூர் அமைப்புகளுக்கு மட்டுமே அந்த அறிக்கையில் விடுபட்டவர்கள் யார் என்று பெயர் சொல்லத் தெரிந்தது.

அதே நாகப்பட்டினத்தில்தான் நல்ல முன்மாதிரி ஒன்றும் உருவானது. உள்ளூர் அமைப்பான சினேகா, தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு ஆகியவை மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை 2005 ஜனவரியில் அமைத்தன. எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள் என்ற பட்டியல், ஊர்களில் தகவல் மையங்கள், அதிகாரிகளோடு தொடர்ந்து கூட்டங்கள். ஒரே ஊருக்கு ஐந்து அமைப்புகள் போவதும் பக்கத்து ஊருக்கு ஒருவரும் போகாததும் அதன் பிறகே குறைந்தன. இந்த மையம் வீடு கட்டவில்லை, படகும் கொடுக்கவில்லை. தகவல் மட்டும் கொடுத்தது. நன்கொடை திரட்ட அது கவர்ச்சியான வேலை இல்லை. ஆனால் மற்றவர்களின் வேலை வீணாகாமல் காத்தது.

இப்போது பணம் வரும் இரண்டு பெரிய வாய்க்கால்களைப் பார்ப்போம். முதலாவது வெளிநாட்டு நன்கொடை. நெருக்கடி நிலைக் காலத்தில் 1976இல் பிறந்த எஃப்சிஆர்ஏ சட்டம் 2010இல் புதிதாக எழுதப்பட்டு, 2020இல் மேலும் இறுக்கப்பட்டது. நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. எல்லாரும் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில் கணக்குத் திறக்க வேண்டும். பணம் பெறும் நிறுவனம் அதை வேறு நிறுவனத்துக்குப் பகிர்ந்து கொடுக்கக் கூடாது. 2022இல் உச்ச நீதிமன்றமும் இந்தத் திருத்தங்களை ஏற்றது. பகிர்ந்து கொடுக்கக் கூடாது என்ற விதிதான் கிராமங்களில் அதிகம் காயப்படுத்தியது. ஆங்கிலத்தில் திட்டம் எழுதத் தெரிந்த நகரத்து நிறுவனம் பணம் வாங்கி, ஊரை அறிந்த சிறு அமைப்புக்குக் கொடுப்பது என்ற சங்கிலி அறுந்தது. நாகப்பட்டினத்தில் விடுபட்டவர்களின் பெயர் தெரிந்தவை அப்படிப்பட்ட சிறு அமைப்புகள்.

இரண்டாவது சிஎஸ்ஆர் எனப்படும் கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு. 2014 ஏப்ரல் முதல், ஆண்டு நிகர லாபம் ஐந்து கோடி ரூபாயைத் தொட்ட கம்பெனிகளும், சொத்து மதிப்பிலோ விற்பனையிலோ குறிப்பிட்ட வரம்பைத் தாண்டியவையும், முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். உலகில் இப்படிச் சட்டமாகவே எழுதிய முதல் நாடுகளில் இந்தியா ஒன்று. தொழிற்சாலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை என்பதால் பணம் தொழில் வளர்ந்த இடங்களைச் சுற்றியே சுழல்கிறது. பள்ளிக்குக் கழிப்பறை, குளம் தூர்வாருதல், ஸ்மார்ட் வகுப்பறை ஆகியவற்றுக்குப் பணம் எளிதில் கிடைக்கும். கொத்தடிமை மீட்புக்கும் நில உரிமைக்கும் கேட்டுப் பாருங்கள். கீழவெண்மணிப் படுகொலைக்குப் பிறகு கீழத்தஞ்சையில் நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கிய கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இன்று ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் குழு முன்னால் உட்கார்ந்தால் என்ன பதில் கிடைக்கும்?

இரண்டு வாய்க்கால்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: நிர்வாகச் செலவு என்றாலே வீண் என்ற எண்ணம். நம்மில் பலருக்கும் அதே எண்ணம்தான். கொடுத்த நூறு ரூபாயும் குழந்தைக்கே போக வேண்டும் என்கிறோம். 2009இல் இரண்டு அமெரிக்க எழுத்தாளர்கள் இதைப் பட்டினிச் சுழல் என்று விவரித்தார்கள். நன்கொடையாளர் குறைந்த செலவை எதிர்பார்க்கிறார். நிறுவனம் உண்மைச் செலவை மறைத்துக் குறைத்துக் காட்டுகிறது. அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்து நன்கொடையாளர் அடுத்த முறை இன்னும் குறைவாக எதிர்பார்க்கிறார். இந்தச் சுழலில் முதலில் நசுங்குபவர் களப்பணியாளர். பதினோரு மாத ஒப்பந்தம், ப்ராஜெக்ட் முடிந்தால் வேலை முடிந்தது, பிஎஃப் கிடையாது, சொந்த வண்டியில் சொந்தப் பெட்ரோல். இரவில் மதுக்கடைத் தகராறுக்கும் குழந்தைத் திருமணத்துக்கும் ஓடுபவர் அவர். அவருக்குக் கௌரவமான சம்பளம் கொடுக்காத நிறுவனம் சமூக நீதி பேசுவதை நான் ஏற்க மாட்டேன். கணக்காளரும் தணிக்கையும் குழந்தைப் பாதுகாப்பு விதிமுறையும் நிர்வாகச் செலவுதான்.

அவற்றை வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2021இல் மதுரையிலேயே சான்று கிடைத்தது. காப்பகம் ஒன்றில் இருந்த குழந்தை கொரோனாவில் இறந்து புதைக்கப்பட்டதாகப் போலி ஆவணம் தயாரித்துவிட்டு, குழந்தையை விற்றுவிட்டார்கள் என்று போலீஸ் வழக்குப் பதிந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் ஊரே பாராட்டிய காப்பகம் அது. ஒரு தனிமனிதரின் நற்பெயரை நம்பி மட்டும் காப்பகம் நடத்தக் கூடாது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வெளியாட்கள் அமர்ந்த குழு, முன்னறிவிப்பில்லாத ஆய்வு, குழந்தைகள் தனியே பேச வழி ஆகிய மூன்றும் இல்லாத இல்லத்துக்கு நன்கொடை கொடுப்பது ஆபத்தானது.

அரசைக் கேள்வி கேட்கும் வேலையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சமூகத்தில் தொண்டு நிறுவனத்தின் பங்கு அரசு விட்ட இடத்தை நிரப்புவது மட்டும் என்றால் அது மலிவான ஒப்பந்ததாரர் ஆகிவிடும். 1985இல் சென்னையில் தொடங்கிய நுகர்வோர் குழுவான சிஏஜி நகர நிர்வாகத்தைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் அரசோடு கைகோத்தது; தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். ஒத்துழைப்பும் எதிர்ப்பும் ஒரே அமைப்புக்குள் இருக்க முடியும். ஆனால் 2012இல் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிரான போராட்டத்தின்போது பிரதமர் மன்மோகன் சிங் அதன் பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகச் சொன்னார். தமிழ்நாட்டில் சில நிறுவனங்களின் எஃப்சிஆர்ஏ பதிவு போனது. இடிந்தகரையில் பட்டினி கிடந்த மீனவப் பெண்களின் கேள்வி அத்தோடு வெளிநாட்டுச் சதியாகிவிட்டது. ஆட்சிகள் மாறின, அந்தப் பழக்கம் மாறவில்லை. இந்தக் குற்றச்சாட்டு ஒட்டிக்கொள்வதற்கு நிறுவனங்களும் இடம் கொடுத்தன என்பதையும் சொல்ல வேண்டும். தன் கணக்கை ஊரில் வைக்காத நிறுவனம் அரசின் கணக்கைக் கேட்கும்போது ஊர் அதன் பக்கம் நிற்பதில்லை.

2019இல் உச்ச நீதிமன்றம், அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் தொண்டு நிறுவனங்களும் தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவையே என்று தீர்ப்பளித்தது. நல்ல தொடக்கம். ஆனாலும் யாராவது மனுப் போடும் வரை காத்திருக்க வேண்டிய தேவை நேர்மையான நிறுவனத்துக்கு இல்லை. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் கிராம சபையின் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. மக்கள் முன் பெயர்ப் பட்டியலை வாசித்தபோது இறந்தவர்கள் கூலி வாங்கிய கதைகள் வெளிவந்தன. தொண்டு நிறுவனங்களும் தங்கள் கணக்கை வேலை செய்யும் ஊரிலேயே, கிராம சபையிலோ தெருக்கூட்டத்திலோ, தமிழில் வாசிக்கலாம்: யாரிடமிருந்து எவ்வளவு வந்தது, சம்பளம் எவ்வளவு, மேனேஜிங் டிரஸ்டி எடுத்துக்கொள்வது எவ்வளவு, ஜீப்புக்கு எவ்வளவு, இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு, யார் யாருக்கு. முதல் கூட்டம் சுமுகமாக இருக்காது. ஒரு தெருவுக்குக் கொடுத்தீர்கள், எங்கள் தெருவுக்கு ஏன் இல்லை என்ற சத்தம் எழும். சாதிக் கணக்கு வெளிப்படும். பணியாளர்கள் மீது பழி வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் பதில் கொண்டுவர ஆள் வேண்டும், நேரம் வேண்டும். நன்கொடையாளர்கள் அந்தச் செலவை நிர்வாகச் செலவு என்று வெட்டாமல், திட்டச் செலவின் முதல் வரியிலேயே சேர்க்க வேண்டும்.